மொனீரின் மகளுக்கு நான் செய்த டிஜிட்டல் உதவி

கப்பல் ஏஜென்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் கையில் முதல் நாளே ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். எனக்கு முதல் நாள் கொடுத்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும், கப்பல் ஏணியில் ஏறும்போது கீழே பார்க்காதே என்ற அறிவுரையும்தான். முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றபோது ஸ்டாம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அறிவுரை என்னிடமே தங்கிவிட்டது. அதைத் திரும்பக் கேட்டு இன்றுவரை யாரும் கடிதம் போடவில்லை.

உங்கள் வேலை என்னவென்று உங்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவன் இருப்பான். மாப்பிள்ளைக்குத் தாகம் என்றாலும் அவன்தான் ஓட வேண்டும், செருப்பைக் காணோம் என்றாலும் அவன்தான் தேட வேண்டும், போட்டோவில் மட்டும் அவன் பாதித் தலையோடு நிற்பான். கப்பல்தான் மாப்பிள்ளை. போர்டிங் கிளார்க் என்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அலையும் நாம்தான் தோழன். கப்பலுக்குக் காகிதம், குடிதண்ணீர், டாக்டர் என்று எது வேண்டுமானாலும் நம் போன்தான் அடிக்கும். மாலுமிகள் கரையில் இறங்கி நடமாட ஷோர் பாஸ் என்று ஒரு அனுமதிச் சீட்டு உண்டு. அதை வாங்கித் தருவதும், போனவர்களை நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் நம் பொறுப்பு.

இதெல்லாம் மூன்று மாதத்தில் தானாகப் பழகிவிடும். பழகாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் அறிவின் உச்சத்தில் நான் இருந்த ஒரு மத்தியானம், ஒரு பெண்ணின் படிப்பைக் கிட்டத்தட்டக் கடலில் தள்ளிவிட்டேன்.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்த சமயம். அலுவலகத்தில் என்னை ‘டிஜிட்டல் மாமா’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை எனக்கு வைத்தது யார் என்று கேட்டால், நான்தான். பேனா வைத்துக்கொள்வதைக்கூட விட்டுவிட்டேன். சட்டைப் பை சுத்தமாக இருக்கும், மனசைப் போல.

எண்ணூரில் ஒரு நிலக்கரிக் கப்பல் கட்டியிருந்தது. இரவு ஏழு மணிக்குப் புறப்படுகிறது. அதற்கு முன்னால் சோப்பும் பிஸ்கெட்டும் வாங்க மூன்று மாலுமிகளைக் கரைக்கு அழைத்துப் போனேன். ஆறு மணிக்குள் கேட்டில் இருக்க வேண்டும். ஒருவர் இலங்கை, திருகோணமலைக்காரர், நிமலன் என்ற இரண்டாம் இன்ஜினியர். ஒருவர் பர்மாக்காரர், பேசவே மாட்டார். மூன்றாவது ஆள் மொனீர். வங்காளதேசம். இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. வேனை ஓட்டியவர் திருவொற்றியூர் ஏழுமலை.

வடசென்னை கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை முன் வேனை நிறுத்தினோம். கடையில் க்யூஆர் அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தேசபக்தர் விழித்துக்கொண்டார். “எங்க ஊர்ல பூ விக்கிறவங்க, இளநி வெட்டறவங்க எல்லாரும் இதுலதான் வாங்குவாங்க. பக்கத்து நாடுங்க எல்லாம் எங்களைப் பார்த்துத்தான் கத்துக்குது” என்றேன். பக்கத்து நாடுகள் மூன்றும் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தன.

நிமலன் தன் போனை எடுத்து அட்டையை ஸ்கேன் செய்தார். போன் யோசித்தது. பிறகு, இது என்ன மொழி என்பதுபோல் ஒரு செய்தி காட்டியது. பர்மாக்காரர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்தார். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. மடிப்பு விழுந்தால் அவர்கள் ஊரில் வாங்க மாட்டார்களாம். டீக்கடை அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அதே மரியாதையோடு உறையில் திருப்பி வைத்தார்.

“ஐயா, உங்கட க்யூஆர் எங்கட நாட்டில வேலை செய்யுதாம். உங்கட நாட்டில எங்களுக்கு வேலை செய்யேல்ல. இது என்ன விளையாட்டு?” என்றார் நிமலன்.

“அதெல்லாம் பேச்சுவார்த்தை நடக்குது தம்பி” என்றேன், நானே கையெழுத்துப் போடப் போகிறவன் மாதிரி. என் போனை எடுத்து ஸ்கேன் செய்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“இன்னா சார், ஒரு கப்பலே எறங்கி வந்து அஞ்சு டீக்கு மல்லுக்கட்டிகினு கீது” என்றார் அக்கா. ஏழுமலை சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பிரச்சினை தீர்ந்தது.

அப்போதுதான் மொனீர் என் பக்கம் வந்தார். கப்பல் இங்கிலீஷில், மிகப் பணிவாக, “சார், ஒரு உதவி” என்றார். அவர் மகள் நஸ்ரீனுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பட்டியல் வந்தபோது அவர் கடலில் இருந்தார். கரைக்கு வந்ததும் தன் போனிலிருந்தே கட்டணத்தைச் செலுத்திவிடுவதாகக் கப்பல் மெயிலில் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்று மாலை ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கும் பெண்ணுக்கு இடம் போய்விடும். இன்று விட்டால் மறுபடி ஒன்பது நாள் நடுக்கடல்.

“அஞ்சு நிமிஷ வேலை” என்றேன்.

இந்த வாக்கியத்தை உங்கள் பணிக்காலம் முழுவதும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மணி இரண்டரை. என் போனிலிருந்து அவருக்கு இன்டர்நெட் கொடுத்தேன். அவருடைய பணச் செயலி திறந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து திறப்பதால் ஓடிபி கேட்டது. ஓடிபி அவருடைய சொந்த ஊர் நம்பருக்குப் போகும். அந்த சிம் அவர் போனுக்குள்ளேயேதான் இருந்தது, ஆனால் கல்மண்டபத்தில் அதற்கு உயிர் இல்லை. இந்திய சிம் வாங்கலாமென்றால், விமானத்தில் வருகிற வெளிநாட்டுக்காரனுக்கு விமான நிலையத்திலேயே தருகிறார்களாம். ஏணியில் இறங்கி வருகிறவனுக்கு யார் தருவது?

இங்கேதான் நம் தொழிலின் ஒரு பழக்கம் என்னைக் கெடுத்தது. மாலுமிகளின் எந்தப் படிவத்திலும் ‘உள்ளூர்த் தொலைபேசி எண்’ என்ற கட்டம் இருக்கும். அதில் கண்ணை மூடிக்கொண்டு நம் நம்பரைப் போடுவோம். ஆஸ்பத்திரியா, லாட்ஜா, மூக்குக் கண்ணாடிக் கடையா, எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருடைய பல் டாக்டர் எனக்கு இன்னமும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார். அந்தப் பழக்க தோஷத்தில், செயலியில் இங்கிலீஷில் ‘எண்ணை மாற்று’ என்று ஒரு பொத்தானைப் பார்த்ததும் மொனீர் கையிலிருந்து போனை வாங்கி என் நம்பரைத் தட்டினேன். தவறு என்றது. முன்னால் 91 போட்டுத் தட்டினேன். தவறு என்றது. இரண்டு பூஜ்யம் சேர்த்துத் தட்டினேன்.

திரை சிவந்தது. ‘உங்கள் பாதுகாப்பு கருதி இக்கணக்கு இருபத்துநான்கு மணி நேரம் முடக்கப்படுகிறது’ என்று வங்காள மொழியில் எழுதியிருந்ததை மொனீர் எனக்குப் படித்துச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“பயப்படாதீங்க. மூணரைதான் ஆகுது. அஞ்சு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு” என்றேன்.

“ஐயா, ஆரின்ட அஞ்சு மணி?” என்றார் நிமலன்.

வங்காளதேசத்தின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய ஐந்து, நமக்கு நாலரை. இருந்தது ஒரே ஒரு மணி நேரம். பக்கத்து நாடுகள் நம்மைவிட எவ்வளவு பின்னால் இருக்கின்றன என்று மத்தியானம் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தவன் நான்.

செயலியின் உதவி மையத்தைக் கூப்பிடலாமென்றால், அதன் ஐந்து இலக்கக் குட்டி நம்பர் அவர்கள் நாட்டுக்குள் மட்டும்தான் போகும். மொனீர் வீட்டுக்கே நேராகப் பேசலாமென்றால், என் போனில் ஐஎஸ்டி கிடையாது. விண்ணப்பித்தேன். ‘இருபத்துநான்கு மணி நேரத்தில் செயல்படுத்தப்படும், நன்றி’ என்று பதில் வந்தது. அந்த மத்தியானத்தில் எல்லா நாட்டு இயந்திரங்களும் ஒத்துப்போன ஒரே கணக்கு இந்த இருபத்துநான்குதான்.

“வீட்டுக்கு நெட்டுலயே கால் பண்ணலாமே, வீடியோவுல பார்த்துக்கலாம்” என்றேன்.

“வீட்டில் பட்டன் போன் சார்” என்றார் மொனீர்.

எனக்கு ஐயோ பாவம் என்று இருந்தது. அந்தப் பரிதாபத்தை நான் முகத்திலும் காட்டினேன் என்று நிமலன் பிறகு சொன்னார்.

ஏழுமலைதான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார். “வண்ணாரப்பேட்டைல கமால் பாய் கீறாரு சார். டாக்காலேர்ந்து டீ-ஷர்ட்டு கட்டு எறக்கறாரு. டெய்லி அங்க பேசினேதான் இருப்பாரு. இங்க குந்திகினு போனைத் தடவினு இருக்கிறதுக்கு அங்க போலாம்.”

போனோம். கமால் பாய் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டண முறை, சர்வதேசப் பரிவர்த்தனை, பாதுகாப்பு முடக்கம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு மொனீரிடம் இந்துஸ்தானியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்க ஊரில் இதை எப்படிக் கட்டுவார்கள்?

மொனீர் சொன்னார். ஊர்ப் பெட்டிக்கடையில் காசைக் கொடுத்துக் கல்லூரியின் நம்பரைச் சொன்னால் போதும். கடைக்காரன் தன் பட்டன் போனில் நாலு தட்டுத் தட்டுவான். ரசீது உடனே போனுக்கே வந்துவிடும். பாதி ஊர் அப்படித்தான் கட்டுகிறது. நெட்டும் வேண்டாம், செயலியும் வேண்டாம். தன் கையாலேயே கட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் அவர் வீட்டில் கட்டச் சொல்லவில்லை.

“இதை ஏன் மொதல்லயே சொல்லல?” என்றேன்.

“நீங்கள் கேட்கவில்லையே சார். நீங்கள் உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் பேசுவது மரியாதையில்லை” என்றார் மொனீர்.

பிள்ளைகளா, இந்த இடத்தில் உங்களுக்கு நான் ஏதாவது பாடம் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாய் போனைச் சுழற்றினார். மணி மூன்று ஐம்பது. மொனீரின் மனைவி எடுத்தார். பாய் போனை ஸ்பீக்கரில் போட்டு எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “ஏன் இன்னும் கட்டலன்னு கேக்குது அந்தம்மா. இன்னா சொல்லட்டும்?”

“சர்வர் பிரச்சினைன்னு சொல்லுங்க பாய்” என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் கேப்டன்களிடம் இப்படித்தான் சொல்லிப் பழக்கம். சர்வர் என்பது எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று மறுப்புச் சொல்லாத ஓர் ஊழியர்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. “அப்டீன்னா சரியாயிடும்ல, அதுவரைக்கும் வெய்ட் பண்றேன்னு சொல்லுது சார்” என்றார் பாய்.

அந்த அம்மா காத்திருப்பார். நாலரை வரைக்கும் காத்திருப்பார். என் மானத்தைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு வரி, அந்தப் பெண்ணின் இடத்தை எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிடும். கப்பலில் தீப்பிடித்தபோதுகூட நான் இவ்வளவு வேகமாக முடிவு எடுத்ததில்லை.

“பாய், சர்வர் இல்ல. ஏஜென்சிக்காரன் ஒருத்தன் கைய வெச்சு கெடுத்துட்டான், நாளை வரைக்கும் தொறக்காது, ஒரு நிமிஷம்கூட வெய்ட் பண்ண வேணாம், கடைக்கு ஓடுங்கன்னு சொல்லுங்க.”

பாய் சொன்னார். அந்தப் பக்கமிருந்து ஒரு நீளமான வாக்கியம் வந்தது. பாய் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மொனீர் தலையைக் குனிந்துகொண்டார், நிமலன் தொண்டையைச் செருமினார். நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

அடுத்தது மொனீரைப் பார்த்து வந்த கேள்வி. வீட்டில் இருப்பது கூரைக்குத் தகரம் மாற்ற வைத்திருக்கும் பணம் மட்டும்தான், எடுக்கட்டுமா? மழைக்காலம் பக்கத்தில் இருந்தது. மொனீர் கூரையை நினைத்தாரோ மகளை நினைத்தாரோ, ஒரு மூச்சு விடும் நேரம்தான் தயங்கினார். “எடு” என்றார்.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டோம். ஊர்ப் பெட்டிக்கடை பூட்டியிருக்கிறது. கடைக்காரன் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறான். அடுத்த கடை சந்தையில். மகளும் அம்மாவும் ரிக்‌ஷாவில் கிளம்பிவிட்டார்கள்.

மணி நாலு ஐந்து. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூருக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போவதென்றால், எத்தனை மணிக்குச் சேருவோம் என்று சாமிக்குக்கூடச் சொல்லத் தெரியாது. இப்போதே கிளம்பாவிட்டால் மூன்று மாலுமிகளும் நேரம் கடந்தவர்கள் ஆவார்கள். கிளம்பினால், வீட்டிலிருந்து வரும் போன் பாய் கடையில் அடிக்கும். மொனீர் முடிவு தெரியாமலேயே ஒன்பது நாள் கடலில் போக வேண்டும். இரண்டில் எது சரி என்று நான் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, பாய் தன் போனை எடுத்து மொனீர் கையில் வைத்தார்.

துணி வியாபாரிக்கு நாலு மணி என்பது ஆர்டர் வரும் நேரம். கடையில் அந்தப் போனைத் தவிர மற்றதெல்லாம் வெறும் துணிதான்.

“பாய், உங்க யாவாரம்...”

“உன் போனை எங்கைல குடு சார், தேவைன்னா கூப்புட்றேன். ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அந்தப் போனு அவரு கைலயே இருக்கட்டும். நீ தொடாத.”

என் டிஜிட்டல் வாழ்வு முழுவதையும் பாயிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினேன்.

தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் போன் அடித்தது. மொனீர் எடுத்தார். “ஹலோ, நஸ்ரீன்?”

ஸ்பீக்கரில் ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது. “நஸ்ரீனா? அது இன்னா கம்பெனி பாய், புது சரக்கா? எக்ஸ்எல் கீதா?”

ஏழுமலை வண்டி ஓட்டிக்கொண்டே, “பாய் வெளிய போய்க்கீறாரு, அப்பால பேசு மாமு” என்று கத்தினார். இப்படி ஏழு முறை. ஒவ்வொரு முறையும் மொனீர் மகள் பெயரைச் சொல்லித்தான் போனை எடுத்தார். வடசென்னைத் துணி வியாபாரிகள் பலருக்கு அன்று நஸ்ரீன் என்றொரு புது பிராண்ட் அறிமுகமாகியிருக்கும்.

திருவொற்றியூரில் லாரிகளுக்குப் பின்னால் நின்றோம். நாலரை ஆனது. ஏழுமலை எஃப்எம்மை அணைத்தார். பர்மாக்காரர் தன் பிஸ்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மொனீரின் தோளில் கை வைத்தார். அவர்களாகக் கூப்பிடும்வரை நாம் கூப்பிட வேண்டாம், ஓடிக்கொண்டிருப்பார்கள் என்றார் மொனீர். ஐந்து மணி ஆனது. ஐந்தரை ஆனது. நான் இருபது நாடுகளின் மாலுமிகளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அன்று முன்னால் நின்ற லாரியின் நம்பர் பிளேட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கு வந்தபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. வேனைவிட்டு இறங்கும்போது போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. மிஸ்டு கால். இந்தத் துணைக்கண்டம் முழுக்க எந்த அரசாங்கமும் அறிவிக்காமல், எந்த ஒப்பந்தமும் போடாமல், எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கிற தொழில்நுட்பம் அது ஒன்றுதான். நம்பரைப் பார்த்த மொனீர் உடனே திருப்பி அடித்தார்.

மகள்தான் எடுத்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஊர்க் கணக்கில் ஐந்தாக நாலு நிமிஷம் இருக்கும்போது கட்டியிருக்கிறாள். பட்டன் போனில் வெளிநாட்டுக்குப் பேசக் காசில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எக்ஸ்எல் கேட்ட வியாபாரிகள் விட்ட இடைவெளியில் அது ஒன்றுதான் உள்ளே நுழைந்திருக்கிறது. ரசீது எண் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

மொனீர் என்னைப் பார்த்தார். நான் என் சுத்தமான சட்டைப் பையைப் பார்த்தேன்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டுப் புத்தகமும், நூலில் கட்டிய ஒரு பேனாவும் இருந்தன. மொனீர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்தப் பேனாவை எடுத்தார். நூல் நீளம் போதவில்லை. கூனிக் குறுகி மேசை ஓரத்தில் நின்று, இடது உள்ளங்கையில் எண்ணை எழுதினார். ஒவ்வொரு இலக்கத்தையும் அவள் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். முடிந்ததும் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அது சரிபார்க்க இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்று மாலுமிகளும் ஷோர் பாஸை நீட்டினார்கள். காகிதம், மேலே சீல். செக்யூரிட்டி பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அடுத்து நான்.

“பாஸு?”

“போன்ல இருக்கு.”

“போனு?”

“வண்ணாரப்பேட்டைல இருக்கு.”

“அப்ப நீயும் அங்கியே இரு சார்” என்றார்.

பன்னிரண்டு வருஷமாகத் தினமும் என்னைப் பார்க்கிறவர். விதியென்றால் விதிதான். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். பாயின் போனை மொனீர் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஏழுமலையிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

கரையிலிருந்து வாங்கி வந்த பொருள்களை நோட்டில் எழுத வேண்டும். நிமலன் சோப்புகளைக் காட்டினார், பர்மாக்காரர் பிஸ்கெட்டைக் காட்டினார். மொனீரிடம் பையே இல்லை.

“நீ இன்னா வாங்கினு வந்த?” என்றார் செக்யூரிட்டி.

மொனீர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். செக்யூரிட்டி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“அவரு பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு. அதோட நம்பர்” என்றேன், வெளியிலிருந்து.

அவர் அந்தக் கையைப் பிடித்து எண்ணை நிதானமாகப் படித்தார். மொனீரின் பாஸை மறுபடி வாங்கி, என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்று பார்த்தார். நோட்டில் ‘பொருள் ஏதும் இல்லை’ என்று எழுதினார். பிறகு பேனாவை நூலோடு மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“இஞ்சின் ரூம்ல ஆயிலு பட்டா அழிஞ்சிடும் நைனா. அந்தக் கையில கிளவுஸு போட்டுக்கோ.”